மீனலோசனியை வெளியே அனுப்பும் போட்டி

மீனலோசனி வாசலைத் தாண்டிப் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. இவ்வளவுதான் விதி. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

‘மாடிவீட்டு மீனலோசனி’ என்று ஒரு சீரியல் நாலு வருடமாக ஓடியது. அந்த நாலு வருடமும் மீனலோசனி அழுதாள். மாமியார் திட்டினால் அழுதாள், நாத்தனார் திட்டினால் அழுதாள், யாரும் திட்டாத நாளில் பழையதை நினைத்து அழுதாள். கடைசி நாளன்று மாமியார் மன்னிப்புக் கேட்டாள். உடனே இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் காபி போட்டு எடுத்து வந்தாள். குடும்பமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், சுபம். எனக்கு வயிறு எரிந்தது. “அடிப்பாவி, காபியா போடுற?” என்று டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் பேஸ்புக்கில் ஒரு குழு ஆரம்பித்தேன். முடிவு பிடிக்காதவர்கள் வாருங்கள், அதே ஆட்களை வைத்து நாமே கதை எழுதிக்கொள்வோம் என்று ஒரு வரி போட்டேன். அதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர் இருப்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். பெண்கள் மளமளவென்று சேர்ந்தார்கள். கோயம்புத்தூர், திருநெல்வேலி, திருச்சி, மலைமேல் எஸ்டேட்டிலிருந்துகூட ஒருத்தி. எல்லாருக்கும் நான் அட்மின் அக்கா. என் வீட்டில் எனக்கென்று, நான் வாங்கியது, நான் வைத்தது, நான் பூட்டுவது என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் குழு மட்டும்தான்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜோதி. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி உக்கிரபாண்டியின் ஒரே மருமகள். கீழே கடையும் குடோனும், மேலே வீடு. மாடிப்படி நேராகக் கடைக்குள் இறங்கும், வேறு வழி கிடையாது. இறங்கினால் ஒரு பக்கம் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கும் பெண்கள், எதிரே மேசை போட்டு என் மாமனார்.

“எங்கத்தா கெளம்பிட்ட?”

“பேனா வாங்கணும் மாமா.”

“பேனாவுக்கு நீ போறதா? என்ன கலருன்னு சொல்லு, ஆள அனுப்புறேன்.”

பேனா வந்துவிடும். ஒன்று கேட்டால் ஒரு டப்பா வரும். செருப்பு கேட்டால் நாலு ஜோடி மாடிக்கு வரும், பிடித்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பலாம். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். அவ்வளவு தங்கமான மனிதர். கத்துகிற மாமனாராக இருந்தால் எதிர்த்துக் கத்தலாம். இவரிடம் என்னத்தைக் கத்துவது? கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் ஒரு கடைப் படி ஏறி, இது என்ன விலை என்று கேட்டதில்லை.

சரி, போட்டிக்கு வருகிறேன். குழு ஆரம்பித்து இரண்டு வருடம் ஆனதற்கு ஒரு விழா எடுக்கலாம் என்று முடிவாயிற்று. எல்லோரும் ஆளுக்கொரு கதை எழுத வேண்டும், நான் தேர்ந்தெடுப்பேன், மதுரையில் எல்லோரும் கூடிப் பரிசு கொடுப்போம். விதி நான் போட்டதுதான். மீனலோசனி போகவேண்டும், திரும்பக்கூடாது.

கதைகள் வந்தன. ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்!

முதல் கதையில் மீனலோசனி கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள், அம்மன் கனவில் வந்து புத்தி சொல்ல, வீடு திரும்புகிறாள். இரண்டாவதில் படித்துக் கலெக்டராகி, சைரன் வைத்த காரில் அதே வீட்டு வாசலில் வந்து இறங்கி மாமியார் காலில் விழுகிறாள். திருநெல்வேலிக்காரி ஒருத்தி அவளை அமெரிக்காவுக்கே அனுப்பினாள். சபாஷ் என்று படித்துக்கொண்டே போனால், மாமனாருக்கு நெஞ்சுவலி என்று போன் வந்து அடுத்த விமானத்தில் ஏறிவிட்டாள். இன்னொருத்தி அவளைக் கொன்றே போட்டாள். செத்தவள் பேயாக வந்து எங்கே உட்கார்ந்தாள் தெரியுமா? அதே அடுப்படியில். பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்கிறாளாம்! போனைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போலிருந்தது.

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஞானபாக்கியம் எழுதத் தெரியாது என்று குரலில் பதிந்து அனுப்பினாள். அவளுடைய மீனலோசனி விடிகாலையில் கூலி ஜீப்பில் ஏறி மலைக்கு வருகிறாள், நாள் முழுக்கக் காய் எடுக்கிறாள், பாட்டுப் பாடுகிறாள், மழையில் நனைகிறாள். கேட்கக் கேட்க எனக்கு அங்கேயே போய்விடலாம் போலிருந்தது. கடைசியில் பார்த்தால் சாயங்கால ஜீப்பில் ஏறிவிட்டாள்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். “ஏன் ஞானம், அவளக் கொண்டாந்து திரும்பவும் கீழ விட்ட?”

“சாயங்காலம் ஜீப்பு எறங்குமே அக்கா. ஏறாம என்ன பண்ணுவா?”

“ஏறக்கூடாது. அதான போட்டியே!”

“ஏறலேன்னா டிரைவரு ஆரன் அடிச்சுக்கிட்டே நிப்பாருக்கா. மத்த பொம்பளைகளுக்கும் லேட்டாயிரும்ல.” அவள் நிஜமாகவே கவலைப்பட்டாள்.

குழுவில் எல்லோரையும் பிடித்து விளாசினேன். ஒரு பொம்பளையை ஒரு வாசல் தாண்ட வைக்கத் தெரியாத உங்களுக்கெல்லாம் எழுத்து எதற்கு என்று போட்டேன். கெடுவை நீட்டினேன். மறுபடி வந்தவையும் அதே கதைதான், வண்டி மட்டும் மாறியிருந்தது. அப்போது கோயம்புத்தூர் சுசித்ரா, என்னோடு சேர்ந்து குழுவைப் பார்த்துக்கொள்கிறவள், “அக்கா, நீங்களே ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்” என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். எழுத உட்கார்ந்தேன். மீனலோசனியை மாடிப்படியில் இறக்கினேன். கடைசிப் படியில் அவளுடைய மாமனார், எங்கத்தா கெளம்பிட்ட என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு எழுத்து நகரவில்லை. தலைவலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த நாளே சுசித்ரா போனில் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லோணும், கோவிச்சுக்கப்படாது. எல்லாரையும் திட்டறீங்க, இதுவரைக்கும் ஒருத்தருகிட்டயும் மூஞ்சி காமிச்சதில்லீங்க. அட்மின் அக்கா பொம்பளையே இல்ல, எவனோ ஆம்பளன்னு பேசிக்கறாங்க. மதுரைக்கு நீங்க நேர்ல வரோணும். வரலீன்னா அட்மின வேற ஆளுக்கு மாத்தீரலாம்னு முடிவு பண்ணியிருக்கறோம்.”

என் குழுவை என்னிடமிருந்தே பிடுங்குவதா! பொத்துக்கொண்டு வந்த கோபத்தில், “வர்றேன்டி. ஒத்தையில வர்றேன். துணைக்கு ஒரு ஈ காக்கா இல்லாம பஸ்சுல வந்து எறங்குறேன், பாரு” என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல் அதைக் குழுவிலும் போட்டேன். இதயமும் கைதட்டலுமாகக் கொட்டியது.

என் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரனிடம் முதலில் சொன்னேன். “தாராளமாப் போலாமே. நானே கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கெழம மட்டும் மலையில ஒரு சோலி. அடுத்த மாசம் போவமா?” என்றார். அடுத்த மாதம் கூட்டம் இல்லை என்றேன். “அப்ப அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு” என்றார். இரண்டு நாள் முன்னதாகவே கடையில் இறங்கிப் போய்ச் சொன்னேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். போடியில் ஏலக்காய்க் குடும்பத்தில் வாக்கப்பட்டவள் மதுரைக்குப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவே கூடாது. பஸ்சில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

“மாமா, ஞாயித்துக்கெழம மதுரையில ஒரு கூட்டம். பஸ்சுல போயிட்டு வந்துர்றேன்.”

காய் பொறுக்கும் கைகள் எல்லாம் நின்றன. மாமனார் கண்ணாடியைக் கழற்றினார்.

“போயிட்டு வாத்தா. இதுக்கெல்லாமா பயந்து பயந்து கேக்குறது?”

நான் மாடிக்கு எப்படி ஏறினேன் என்றே தெரியாது. இவ்வளவு சுலபமா? இத்தனை வருடமும் நாமாகத்தான் பயந்துகொண்டிருந்தோமா? அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. சாயங்காலம் என் மாமியார் ஈஸ்வரி ஏலக்காய்ப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தார்.

“அத்தை, இதெல்லாம் எதுக்கு?”

“எதுக்கா? மதுர வரைக்கும் போறவ வெறுங்கையோடவா போவ? ஆரப்பாளையத்துல சின்னத்த வீடு, செல்லூர்ல நம்ம பொண்ணக் குடுத்த சம்பந்தி வீடு, அண்ணா நகர்ல பெரியம்மா. ஒரு வீட்டுக்குக் குடுத்து ஒரு வீட்டுக்குக் குடுக்கலேன்னா நாளைக்கு மொகத்துல முழிக்க முடியுமா?”

எங்கள் பக்கத்துப் பழக்கம் இது. போடியிலிருந்து யார் மதுரைக்குப் போனாலும் அங்கே இருக்கிற உறவுக்கெல்லாம் காய் போகும். பெரிய காயாக, பச்சை மாறாததாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டுவார்கள். பொட்டலத்தை வாசலில் நின்று நீட்டிவிட்டு வரமுடியாது. உள்ளே போய் உட்கார வேண்டும், அவர்கள் பிரித்து முகர்ந்து பார்க்க வேண்டும், பிறகு சாப்பிடச் சொல்வார்கள், சாப்பிடத்தான் வேண்டும். பொட்டலங்கள் மொத்தம் ஒரு கட்டைப்பை நிறைய வந்தன. இத்தனை கனத்தோடு மருமகள் பஸ்சில் போவதா என்று மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் லோடு ஏற்றுவதே கிடையாது. எனக்காக ஒரு லோடு உருவாயிற்று.

“திங்கக்கெழம மதுரக் கடைக்குப் போக வேண்டிய சரக்குதானத்தா. ஒரு நாள் முன்னாடி போகட்டும். தங்கபாண்டி வண்டியக் கொண்டாந்துருவான். உன்னக் கொண்டு போயி விட்டு, கூடவே இருந்து கூட்டிட்டு வந்துருவான்.”

வேண்டாம் என்று எதைச் சொல்லி மறுப்பது? மனசுக்குள் மட்டும் வாய் கிழியக் கத்தினேன்.

ஞாயிறு காலை குட்டியானை வண்டியின் முன்சீட்டில் மடியில் கட்டைப்பையோடு உட்கார்ந்தேன். பின்னால் மூட்டைகள். தங்கபாண்டி அண்ணன் நல்லவர், வழி முழுக்கத் தன் மகள் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஊர் வர வர வண்டியை ஓரங்கட்டிப் போன் போட்டார். “அய்யா, தேனி வந்துட்டம்யா.” “அய்யா, ஆண்டிபட்டி.” “உசிலம்பட்டி தாண்டிட்டம்யா, ஒண்ணும் பிரச்சன இல்ல.” லோடு பத்திரமாகப் போகிறது என்று சொல்கிறாரா, நான் பத்திரமாகப் போகிறேன் என்று சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கூட்டம் பத்து மணிக்கு. மதுரைக்குள் ஒன்பதரைக்கே வந்துவிட்டோம். ஆனால் மாமனார் மூன்று வீட்டுக்கும் முன்னாலேயே போன் பண்ணியிருந்தார். ஆரப்பாளையத்தில் இட்லி ஊற்றி வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார்கள். இரண்டு இட்லி போதும் என்றால், போடியிலிருந்து வந்த பிள்ளை இரண்டு இட்லி சாப்பிட்டால் அண்ணன் என்னை என்ன நினைப்பார் என்று சின்னத்தை கண் கலங்குகிறார். செல்லூரில் காபி. அதைக் குடித்து முடிப்பதற்குள் பேத்தியின் காதுகுத்து ஆல்பத்தை விரித்துவிட்டார்கள். என் போன் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் சுசித்ராதான். ஆல்பத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா வரைக்கும் பார்த்தாயிற்று. என்னை யாரும் கட்டிப்போடவில்லை. பிரியமாகத்தான் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு அங்கேயே ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

அண்ணா நகரில் பெரியம்மா வாழையிலையே போட்டுவிட்டார். வாசலில் நின்றபடியே பொட்டலத்தை அவர் கையில் திணித்தேன். “பெரியம்மா, மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுக் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவளாக வண்டிக்கு ஓடிவந்தேன். “ஏ ஜோதி! எலயப் போட்ட பெறகு சாப்பிடாமப் போறவள இப்பத்தான்டி பாக்குறேன்!” என்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அது போடிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது. ஆகட்டும்.

தல்லாகுளத்தில் ஒரு சின்ன மண்டபம். போய் நின்றபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. ஒத்தையில் வருகிறேன் என்று ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறேன். இப்போது பக்கத்தில் தங்கபாண்டி.

“அண்ணே, நீங்க வண்டியிலயே இருங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அய்யா கூடவே இருக்கச் சொன்னாரு தாயி. நான் பின்னாடி ஓரமா நின்னுக்கிர்றேன், ஒருத்தர் கண்ணுலயும் பட மாட்டேன்.”

மானம் போகிறது, போகட்டும் என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

முன்வரிசைகளில் முப்பது பேருக்கு மேல் பெண்கள். நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. பின்வரிசைகளைப் பார்த்தேன். பின்வரிசை நிறைய ஆண்கள். மடியில் ஹேண்ட்பேக்கை வைத்துக்கொண்டு ஒருவர், குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டு ஒருவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொட்டாவி விடுகிறவர், துண்டை இழுத்துப் போர்த்தித் தூங்குகிற ஒரு பெரியவர். முன்னால் எத்தனை பெண்களோ, பின்னால் ஏறக்குறைய அத்தனை ஆண்கள். இடம் இல்லாமல் சுவரோரம் நின்றார்கள். தங்கபாண்டி அண்ணன் சங்கடமே இல்லாமல் போய் அந்த வரிசையில் நின்றுகொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவருக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஒல்லியாக ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். சுசித்ரா. போனில் மிரட்டிய குரலுக்கு ஏதோ ஜீன்ஸ் போட்ட, கார் ஓட்டுகிற பெண்ணாக நினைத்து வைத்திருந்தேன். இவள் என் கையை விடாமல் பின்வரிசையையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“வந்துட்டீங்களாக்கா! இன்னும் அரை மணி நேரம் பாத்துட்டுப் போயரலாம்னு எங்க கொழுந்தனார் சொல்லிட்டாருங்க. அதோ, நீலச் சட்ட.”

“நீயும் துணையோடதான் வந்தியா?”

“போடியில பெரிய ஏலக்கா வியாபாரி வூட்டு மருமக நடத்தறாங்க, பெரிய எடம்னு சொல்லித்தானுங்க எங்க வூட்ல வுட்டாங்க. எனக்கு மட்டுமில்லீங்க, முக்காவாசிப் பேரு உங்க பேரச் சொல்லித்தான் பர்மிஷன் வாங்கியிருக்கறாங்க. நீங்க வராமப் போயிட்டா…”

“அதுக்கா அட்மினப் புடுங்கிருவேன்னு மிரட்டுன?”

“வேற எப்படிக்கா உங்கள வர வெக்கறது?”

அவளை ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. ஒரு வாசல் தாண்ட வைக்கத் தெரியாத உங்களுக்கெல்லாம் எழுத்து எதற்கு என்று நான் திட்டியது இவர்களைத்தான். ஒருத்தி தனியாக வாசல் தாண்டுவதை இவர்கள் எங்கே போய்ப் பார்த்து எழுதுவார்கள், பாவம்!

மைக்கை வாங்கினேன். “நான்தான் ஜோதி. அட்மின். பொம்பளதான், நல்லாப் பாத்துக்கங்க” என்றேன். சிரித்தார்கள். “பரிசு யாருக்கும் கிடையாது. ஒருத்தியும் அவள வெளிய அனுப்பல, என்னையும் சேத்துத்தான். இங்க உக்காந்து இப்ப எழுதுறோம். ஆளுக்கு ஒரு வரி. அதுக்கு முன்னாடி,” என்று பின்வரிசையைப் பார்த்தேன், “அண்ணன்மாரு, அய்யாமாரு எல்லாரும் கொஞ்சம் வெளிய இருக்கணும்.”

யாரும் அசையவில்லை. ஏதோ வேறு யாருக்கோ சொல்வதைக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். “எந்திரிங்கன்னு சொல்றேன்ல!” என்று மைக்கிலேயே கத்தினேன். தூங்கிய பெரியவர் திடுக்கிட்டு எழுந்து முதல் ஆளாக வெளியே நடந்தார். அவரைப் பார்த்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். குழந்தை வைத்திருந்தவர் குழந்தையோடு போனார். நீலச் சட்டை முறைத்துக்கொண்டே போனது. கடைசியாகத் தங்கபாண்டி அண்ணன் கதவருகே தயங்கி நின்றார்.

“தாயி, ஒங்கள விட்டுட்டு நகரக்கூடாதுன்னு அய்யா சொல்லியிருக்காரு.”

“நான் எங்கண்ணே போயிறப் போறேன்? அதான ரெண்டு மாசமா எங்க பிரச்சினையே.”

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அத்தனை பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துணை இல்லாத ஓர் அறையில் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, மனசில் வந்ததைச் சொன்னேன். “மீனலோசனி போடியில ஒரு மாடிப்படி எறங்குனா.”

சுசித்ரா வாங்கினாள். யோசிக்கவே இல்லை. “எங்க போறேன்னு ஒருத்தருமே கேக்கல.”

அவ்வளவுதான், மண்டபத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அடுத்தவள் மீனலோசனியைப் போடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க வைத்தாள், வெயிலில், குடை இல்லாமல், மெதுவாக. திருநெல்வேலிக்காரி ஒரு கடைமுன் நிறுத்தி வளையல் வாங்கிக் கொடுத்தாள். அதுவும் பேரம் பேசி, வேண்டாமென்று போய், மறுபடி வந்து வாங்கினாள். பின்னால் இருந்து ஞானபாக்கியம் எழுந்து வந்து கூச்சத்தோடு மைக்கைப் பிடித்தாள். “பஸ்சுல ஏறிட்டா. சன்னலோரம் சீட்டு. பக்கத்து சீட்டு காலியாக் கெடந்துச்சு. காலியாவே இருக்கட்டும்க்கா, யாரும் வந்து உக்கார வேணாம்.” காலியாகவே இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். ஒருத்தி அவளுக்குக் காற்று கொடுத்தாள், ஒருத்தி தூக்கம் கொடுத்தாள். இன்னொருத்தி, அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள் என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு தன் போனையும் அணைத்தாள். யாருக்கும் அவளைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க மனசில்லை. ஒரு வரி முடித்தவள் இன்னொரு வரி கேட்டுச் சண்டை போட்டாள்.

கதவைத் தட்டினார்கள். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. மறுபடி தட்டினார்கள், இந்தத் தடவை பல கைகள். “நேரமாச்சு, கெளம்பலாமா?” என்று ஒரு ஆண்குரல்.

“இருங்கய்யா!” என்று உள்ளிருந்தே கத்தினேன். “அவ இன்னும் தேனியே தாண்டல!”